டெல்டாவில் ஒரு கொலை, ஒரு பெண் இன்ஸ்பெக்டர், ஒரு பெரிய மனிதர்: நாவல் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காவிரிப் படுகையைக் களமாக வைத்துக் கொலைக் கதை எழுதுகிறவர்களின் பிரதிகளைப் படித்துத் திருத்திக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. வருகிற கதைகளின் முதுகெலும்பு பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. ஆற்றிலோ வயலிலோ ஒரு பிணம். விசாரிக்க ஒரு பெண் இன்ஸ்பெக்டர். சந்தேகம் போய் நிற்கிற இடத்தில், ஊரே எழுந்து நின்று கும்பிடும் ஒரு பெரிய மனிதர். எழுதுகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் திரும்பத் திரும்ப வருபவைதான். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டப் பிரிவு எண்கள் எல்லாம் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டங்களின்படி. உங்கள் கதையில் கொலை அந்தத் தேதிக்கு முன்பு நடந்திருந்தால் கொலைக்கான பிரிவை 103 என்று எழுதாதீர்கள், பழைய 302தான்.

கொலையை மட்டும் விசாரிக்கும் தனி அதிகாரி நம் காவல் துறையில் உண்டா?

கிடையாது. வெளிநாட்டுக் கதைகளில் வரும் கொலைப் பிரிவுத் துப்பறிவாளரைத் தஞ்சாவூரில் தேட வேண்டாம். எந்தக் காவல் நிலைய எல்லையில் கொலை நடந்ததோ, அந்தச் சட்டம் ஒழுங்கு இன்ஸ்பெக்டர்தான் விசாரணை அதிகாரி. அவருக்கு மேலே டி.எஸ்.பி., மாவட்ட எஸ்.பி., தஞ்சாவூர் சரக டி.ஐ.ஜி., திருச்சியில் மத்திய மண்டல ஐ.ஜி. எஸ்.பி. நினைத்தால் தனிப்படை அமைப்பார். இன்னும் பெரிதானால் சி.பி.சி.ஐ.டி. எடுத்துக்கொள்ளும்.

இதைக் குறையாக நினைத்துப் பலர் கதாநாயகிக்கு ஒரு கற்பனைப் பிரிவை உண்டாக்கிக் கொடுக்கிறார்கள். அது தேவையே இல்லை. கொலை வழக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மற்ற வேலைகளையும் பார்த்தாக வேண்டும் என்பதுதான் இந்தக் கதையின் உயிர். ஜனவரியில் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை. ஐப்பசியில் தஞ்சாவூர் சதய விழா. பங்குனி, சித்திரை வாக்கில் திருவாரூர் ஆழித்தேர். ஆகஸ்ட் 29 தொடங்கி செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி. உங்கள் கதை 2016 மாசியில் நடந்தால் கும்பகோணம் மகாமகம், அடுத்தது 2028. விசாரணையை முடக்க உங்கள் பெரிய மனிதர் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அம்மையாரைப் பத்து நாள் வேளாங்கண்ணி பந்தோபஸ்துக்கு அனுப்பினால் போதும், அதற்குள் பாதிக் கடைகளின் சி.சி.டி.வி. பதிவு தானாகவே அழிந்துவிடும்.

அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் அவரை வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் கொலை வழக்கு அங்கே வராது. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய அந்த நிலையங்கள் குடும்பத் தகராறு, வரதட்சணைக் கொடுமை, பெண்கள், குழந்தைகள் மீதான குற்றங்களைப் பார்ப்பவை. ஆகவே அவரைச் சட்டம் ஒழுங்கு நிலையத்துக்கு மாற்றலாகி வந்தவராகக் காட்டுங்கள். "குடும்பப் பஞ்சாயத்து பாத்துக்கிட்டு இருந்த அம்மா, மர்டருக்கு வந்திருக்கு" என்று ஏட்டு ஒருவர் டீக்கடையில் முணுமுணுக்க இடம் கிடைக்கும்.

பின்கதைக்கு ஒரு தகவல்: தமிழ்நாடு காவல் துறையில் பெண்கள் சேர்க்கப்பட்டது 1973இல். அந்த முதல் சில தொகுதிகளில் சேர்ந்த ஒரு பெண் காவலரின் மகள் இன்று இன்ஸ்பெக்டராக இருப்பதற்கு வயதுக் கணக்கு சரியாக வரும். இதை யாராவது எழுதுங்களேன் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெரிய மனிதர் என்றால் யார்? பண்ணையார் காலம் முடிந்துவிட்டதே?

வெள்ளை வேட்டி, ஊஞ்சல், வெற்றிலைச் செல்லம் என்று எழுதினால் எழுபதுகளின் சினிமா ஆகிவிடும். இன்றைய டெல்டாவில் செல்வாக்கு வேறு வேறு இடங்களில் குடியிருக்கிறது. மணல், சவுடு மண் எடுப்பவர். நெல் அரவை ஆலை வைத்திருப்பவர். கொள்முதல் நிலையங்களிலிருந்து மூட்டை ஏற்றும் லாரிகளை ஓட்டுபவர். கடலோரமாகப் போனால் இறால் பண்ணைக்காரர். கல்லூரி அறக்கட்டளைத் தலைவர். பெரும்பாலும் இதில் மூன்று நான்கு ஒரே ஆளிடம் இருக்கும், கூடவே ஒரு கட்சிப் பொறுப்பும். அவர் ஊரில் பாதிப் பேருக்கு வேலை கொடுத்திருப்பார், மீதிப் பேருக்குக் கடன் கொடுத்திருப்பார். மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்குப் பந்தல் அவருடையது. கெட்டவராக மட்டும் காட்டினால் அவர் ஏன் செல்வாக்கானவர் என்பதே வாசகருக்குப் புரியாது.

ஆனால் பழையதைத் தெரிந்துகொள்ளாமல் புதியதை எழுத முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். எல்லாரும் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். பின்னணியில் இருந்தது கூலித் தகராறு. கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. இவ்வளவு வசதியும் காரும் உள்ளவர்கள் தாங்களே நேரில் நடந்துபோய் இப்படிச் செய்திருப்பார்கள் என்று நம்பக் கடினம் என்ற தர்க்கம் அந்தத் தீர்ப்பிலிருந்து இன்றுவரை எடுத்துச் சொல்லப்படுகிறது. உங்கள் இன்ஸ்பெக்டர் முட்டிக்கொள்ளப் போகும் சுவர் இதுதான். "அவரா? அவருக்கென்ன தலையெழுத்தா இதைச் செய்ய?" என்று ஊர் கேட்கும், எஸ்.பி. ஆபீஸ் கேட்கும், கடைசியில் நீதிமன்றமும் கேட்கலாம்.

அவரும் இன்ஸ்பெக்டரும் முதன்முதலாகச் சந்திக்கும் காட்சியைப் பலர் சத்தமாக எழுதுகிறார்கள். மேஜையைத் தட்டுவது, "நான் யார் தெரியுமா" என்பது. அதெல்லாம் சின்ன ஆட்கள் செய்வது. அவர் இப்படித்தான் பேசுவார்:

"வாம்மா, உக்காரு. வெயில்ல வந்திருக்க. மோர் கொண்டாரச் சொல்லட்டா?"

"வேணாங்க. பதினாலாந்தேதி ராத்திரி எங்க இருந்தீங்க?"

"ஒரத்தநாடுதானே உங்களுக்கு? அப்பா கண்டக்டரா இருந்தாரு, இல்ல? தங்கமான மனுஷன். தம்பிக்குக்கூட இன்னும் வேலை அமையலன்னு கேள்விப்பட்டேன்."

இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். எழுந்து வாசலுக்கு வரும்போது ஜீப் டிரைவர் கையில் மோர் டம்ளர் இருந்தால் காட்சி முடிந்துவிடும்.

அவர் போனில் சொன்னால் வழக்கு நின்றுவிடுமா? செல்வாக்கு உண்மையில் எப்படி வேலை செய்கிறது?

எனக்கு வரும் பிரதிகளில் பலவீனமான பகுதி இதுதான். ஒரு அமைச்சர் போன் செய்கிறார், டி.எஸ்.பி. கத்துகிறார், கதாநாயகி தொப்பியை மேஜையில் வைக்கிறார். நிஜத்தில் கொலை வழக்கு அப்படிச் சாவதில்லை. காகிதத்தில் சாகும், கொஞ்சம் கொஞ்சமாக.

முதல் காகிதம் எஃப்.ஐ.ஆர். பிணம் கிடைத்ததும் வி.ஏ.ஓ. புகார் கொடுப்பார். பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194இன் கீழ் சந்தேக மரணம் என்று பதிவாகும். கொலை என்று தெரிந்ததும் பிரிவை 103க்கு மாற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அந்த மாற்றத்தை எவ்வளவு நாள் தள்ளிப்போடுகிறார்களோ அவ்வளவு நாள் அது 'மருந்து குடிச்சிட்டாரு', 'கால் வழுக்கி விழுந்துட்டாரு' என்றே கிடக்கும். யாரும் யாரையும் மிரட்ட வேண்டியதில்லை, "போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் முழுசா வரட்டுமே" என்றால் போதும்.

இரண்டாவது, அந்த எஃப்.ஐ.ஆர். மாஜிஸ்திரேட்டிடம் போய்ச் சேர்ந்த நேரம். கொலை வழக்கில் ராத்திரியானாலும் ஒரு காவலர் பைக்கில் மாஜிஸ்திரேட் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பார். தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறந்து, வாங்கிய நேரத்தைப் போட்டுக் கையெழுத்திடுவார் அவர். இரண்டு வருடம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான்: "இரவு ஒன்பது மணிக்குப் பதிவான எஃப்.ஐ.ஆர். பன்னிரண்டு கிலோமீட்டர் போக மறுநாள் மதியம் ஆனது ஏன்?" அந்தக் காவலர் வழியில் ஒரு கல்யாண மண்டபத்தில் சாப்பிட நிறுத்தப்பட்டார் என்று வையுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டில் வழக்கில் ஓட்டை விழுந்துவிடும்.

மூன்றாவது, பார்வை மகஜர். சம்பவ இடத்தில் என்ன இருந்தது என்று ஊர்க்காரர் இருவரைச் சாட்சியாக வைத்து எழுதுவது. கையெழுத்துப் போட யாரும் முன்வர மாட்டார்கள். வருகிற இரண்டு பேரும் அந்த மனிதரின் ஆலையில் வேலை பார்ப்பவர்களாக இருந்தால், விசாரணை நாளில் இருவரும் பிறழ் சாட்சி.

இதையெல்லாம் எழுதிவைக்கும் நிலைய ரைட்டரை யாரும் பாத்திரமாக்குவதில்லை. எனக்கு அது பெரிய வருத்தம். பத்து இன்ஸ்பெக்டர்களைப் பார்த்த மனிதர் அவர். எந்த வார்த்தையை விட்டால் வழக்கு நொண்டும் என்று அவருக்குத் தெரியும். அவர் உங்கள் கதாநாயகியின் பக்கமா, எதிர்ப் பக்கமா என்பதையே நாவலின் பாதிவரை இழுக்கலாம். அதேபோல எஸ்.பி.க்கு நேரடியாகத் தகவல் சொல்லும் தனிப்பிரிவு ஏட்டு ஒருவர் நிலையத்திலேயே இருப்பார். காலையில் கதாநாயகி யாரைப் போய்ப் பார்த்தார் என்பது சாயங்காலத்துக்குள் தஞ்சாவூருக்குத் தெரிந்துவிடும்.

விசாரணை நடுவில் இன்ஸ்பெக்டர் கையிலிருந்து வழக்கு போக முடியுமா?

பல வழிகளில். டி.ஐ.ஜி. உத்தரவில் சரகத்துக்குள்ளேயே இடமாற்றம் வரும். தேர்தல் நெருங்கினால் சொந்த மாவட்டத்தில் இருப்பவர்களையும் மூன்று வருடம் முடித்தவர்களையும் மாற்றச் சொல்லும் விதி இருக்கிறது, அதைக் காரணம் காட்டினால் யாரும் குறை சொல்ல முடியாது.

இன்னொரு வழி இன்னும் சுவாரசியமானது. இறந்தவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர், சந்தேகப்படுபவர் அப்படி இல்லை என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். அந்தச் சட்டத்தின் விதிப்படி டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும். அதாவது வழக்கைச் சரியான சட்டத்தில் பதிவு செய்தால் அவர் அதை இழப்பார்; பதிவு செய்யாவிட்டால் இறந்தவருக்குத் துரோகம். இந்த முடிச்சை மையமாக வைத்து ஒரு நாவலும் என் கைக்கு வந்ததில்லை.

வழக்கு போனாலும் அவர் கதையை விட்டுப் போய்விடுவதில்லை. தொடக்க விசாரணை அதிகாரி என்ற முறையில் பல வருடம் கழித்தும் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும். நீலகிரியிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்து, கும்பகோணம் நீதிமன்ற வராண்டாவில் பழைய ரைட்டரைச் சந்திக்கிற காட்சி உங்களுக்கு இலவசம்.

பிணம் ஆற்றில் மிதக்கிறது என்று தொடங்குகிறேன். சரிதானே?

எந்த மாதம், எந்த வருடம்?

டெல்டா ஆறுகள் கங்கை மாதிரி எப்போதும் ஓடுபவை இல்லை. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறப்பார்கள், சில நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்ததும் அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரித்து விடுவார்கள். ஜனவரி 28 வாக்கில் மேட்டூரை மூடிவிடுவார்கள். அப்புறம் மாசி முதல் வைகாசி வரை ஆறு என்பது மணலும் கோரையும் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிற இடமும்தான். அதிலும் எல்லா வருடமும் ஒன்றில்லை. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024இல் ஜூலை 28 ஆகிவிட்டது. 2024 ஜூன் கடைசியில் காவிரியில் பிணம் மிதப்பதாக எழுதினால், டெல்டா வாசகர் அந்த வரியிலேயே புத்தகத்தை மூடிவிடுவார். கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வேண்டுமானால் 2018 ஆகஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாதம்தான் முக்கொம்பில் கொள்ளிடக் கதவணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன.

ஆற்றில் விழுந்த பிணம் கடல்வரை போகாது. எங்காவது ஒரு சட்ரஸ் என்கிற நீரொழுங்கியில், மதகுக் கதவில், ஆகாயத்தாமரைக் குவியலில் ஒதுங்கும். வெண்ணாற்றில் போட்டால் நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் தட்டி நிற்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கேதான் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. தலைப்பில் நீர் அளவைக் குறித்து வைப்பார்கள், எந்தக் கதவை எவ்வளவு தூக்கினார்கள் என்பதையும்தான். பிணம் எந்த ராத்திரி எந்த இடத்தில் போடப்பட்டது என்று பின்னோக்கிக் கணக்குப் போட உங்கள் இன்ஸ்பெக்டருக்கு அந்த நோட்டுப் புத்தகம் போதும். பெரிய மனிதர் டாக்டரை, வி.ஏ.ஓ.வை, ரைட்டரைக் கவனித்திருப்பார். மதகுகளைத் திறந்து மூட ஷட்டர் சாவியோடு சைக்கிளில் போகும் லஸ்கரை அவர் ஒரு பொருட்டாகவே எண்ணியிருக்க மாட்டார்.

மூழ்கிச் செத்தாரா, கொன்று போட்டார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

உயிரோடு மூழ்கினால் மூக்கிலும் வாயிலும் நுண்ணிய வெள்ளை நுரை நிற்கும், துடைத்தால் மறுபடி வரும். நுரையீரல் ஊறிக் கனத்திருக்கும். கை விரல்களுக்குள் சேறோ கோரையோ இறுகப் பிடித்திருந்தால் வலுவான அடையாளம். எலும்பு மஜ்ஜையில் டயாட்டம் எனப்படும் நுண்பாசி இருக்கிறதா என்று பார்த்து ஆற்று நீரோடு ஒப்பிடுவதும் உண்டு. அதை மட்டும் நம்பி யாரும் தீர்ப்பு எழுத மாட்டார்கள். பிணம் அழுகிவிட்டால் இந்த அடையாளங்களில் பலவும் போய்விடும்.

பிரேதப் பரிசோதனையில் இன்னொன்று கவனிக்க வேண்டும். 2021 நவம்பரில் இரவிலும் செய்யலாம் என்று மத்திய அரசு அனுமதித்தபோது, கொலை, தற்கொலை, சந்தேக மரணங்களை விலக்கியே வைத்தது. சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தால் மட்டும் விதிவிலக்கு. ஆகவே சாயங்காலம் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு வந்த உடல் விடியும்வரை பிணவறையில் இருக்கும். வெளியே வேப்பமரத்தடியில் சொந்தக்காரர்கள். காலையில் உடலை வாங்க மறுப்பு, சாலை மறியல், ஆர்.டி.ஓ. பேச்சுவார்த்தை. இந்த ஒரு ராத்திரியை இருபது பக்கம் எழுதலாம். பலர் ஒரு பத்தியில் தாண்டிவிடுகிறார்கள்.

பிணம் எந்த மாவட்டத்தில் கிடைத்தது என்பது முக்கியமா?

ரொம்ப. அம்மாபேட்டைப் பக்கம் தஞ்சாவூர் மாவட்டம், நீடாமங்கலம் திருவாரூர் மாவட்டம். கும்பகோணமும் பாபநாசமும் தஞ்சாவூர், பக்கத்திலேயே இருக்கும் வலங்கைமான் திருவாரூர். இரண்டு இன்ஸ்பெக்டர்களும் கரையில் நின்று "உங்க லிமிட்", "இல்ல, உங்க லிமிட்" என்பது எல்லாரும் எழுதுவது. இன்னும் சூட்சுமமானது ஒன்று இருக்கிறது. தஞ்சாவூர் மாவட்ட வழக்குகள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும். திருவாரூர், நாகப்பட்டினம் வழக்குகள் சென்னைக்குப் போகும். முன்ஜாமீன் எங்கே கேட்பது, எந்த வக்கீலைப் பிடிப்பது எல்லாம் இதைப் பொறுத்தது. பிணத்தை எல்லைக்கு இந்தப் பக்கம் போடாமல் தண்ணீரோடு அனுப்பி வைத்தவன், சட்டம் தெரிந்த ஆள்.

நேரில் பார்த்த சாட்சி யாராக இருக்கலாம்?

பக்கத்து வீட்டுக்காரரை விட்டுவிடுங்கள், அவர் பேச மாட்டார். டெல்டாவில் ராத்திரி வயலில் யார் இருக்கிறார்கள் என்று யோசியுங்கள்.

அறுவடை முடிந்து ஆற்றில் தண்ணீர் வரும்வரை ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தையோடு வந்து வயலில் கிடை போடுவார்கள். ராத்திரி முழுக்க வலைக்குப் பக்கத்தில் படுத்திருப்பார்கள், நாய் குரைத்தால் எழுவார்கள். எந்த ராத்திரி எந்த வயலில் கிடை கிடந்தது என்பது நிலக்காரர் கூலி கொடுத்த கணக்கில் இருக்கும். வேலை முடிந்ததும் மந்தை வெளியூர் கிளம்பிவிடும். அந்தக் கீதாரியைத் தேடிப் போவதே ஒரு அத்தியாயம்.

அறுவடைச் சமயத்தில் பெல்ட் மெஷின் எனப்படும் அறுவடை இயந்திரத்தின் ஓட்டுநர்கள். வெளி மாவட்டக்காரர்கள், முகப்பு விளக்குப் போட்டு நள்ளிரவிலும் அறுப்பார்கள். சாட்சியும் அவர்தான், தடயத்தை அழித்தவரும் அவரேயாக இருக்கலாம். அந்த மெஷினின் பட்டை ஒருமுறை ஏறி இறங்கினால் வயலில் எந்தக் காலடியும் மிஞ்சாது.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பிவிடப்பட்ட விவசாயி, மழைக்குப் பயந்து நெல்குவியல் பக்கத்திலேயே தார்ப்பாயோடு படுத்திருப்பார். எந்த லாரி எத்தனை மணிக்கு வந்தது என்று அவரை விட நன்றாகச் சொல்ல ஆள் இல்லை. ஆனால் அவருடைய மூட்டை இன்னும் எடை போடப்படவில்லை. லாரிக்காரர் யார்? உங்கள் பெரிய மனிதர். இப்போது அந்த விவசாயி பேசுவாரா?

நடவுக்கு இப்போது மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கைப்பேசியில் பாட்டு வைத்துக்கொண்டு வரிசையாக நடுகிறவர்களை டெல்டா சாலைகளில் எங்கும் பார்க்கலாம். அவர்களில் ஒருவர் சாட்சி என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், ஊருக்குப் போனவரைத் திரும்ப அழைத்துவர வேண்டும். முக்கியமாக, அவர் அந்தப் பெரிய மனிதரைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

சாட்சியைப் பிடித்ததும் உங்கள் இன்ஸ்பெக்டர் செய்ய வேண்டியது, பி.என்.எஸ்.எஸ். 183இன்படி மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் பதிவு செய்வது. பத்து ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் போலீஸ் அழைத்துவரும் சாட்சியின் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. பின்னால் சாட்சி பல்டி அடித்தாலும் அந்தக் காகிதம் இருக்கும். நிலையத்துக்குள் இருந்தே சாட்சி வரலாம் என்பதையும் மறக்காதீர்கள். 2020 சாத்தான்குளம் காவல் மரண வழக்கில் அன்று இரவு நிலையத்தில் என்ன நடந்தது என்று மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர், அங்கேயே பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர்.

செல்போன், சி.சி.டி.வி. வந்தபிறகு மர்மம் மிஞ்சுமா?

மிஞ்சும். வயற்காட்டில் ஒரு டவரின் எல்லை பல ஊர்களை மூடும். அழைப்பு விவரம் பெரிய மனிதர் அந்த வட்டாரத்தில் இருந்தார் என்று சொல்லுமே தவிர, எந்த வரப்பில் நின்றார் என்று சொல்லாது. அவர் வீடே அந்த வட்டாரத்தில்தான். கேமரா பதிவை எடுத்தால் சாட்சியச் சட்டம் 63இன்படி சான்றிதழும் வேண்டும், இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் அது வெறும் படம். தொழில்நுட்பத் தொல்லையே வேண்டாம் என்றால் கதையை 2018 நவம்பர் 16க்குக் கொண்டுபோங்கள். வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்த ராத்திரி. கரண்ட் கிடையாது, டவர் கிடையாது, சாலையெல்லாம் தென்னை மரம். விழுந்த மரத்துக்கு அடியில் ஒரு பிணம் கிடந்தால் யார் சந்தேகப்படுவார்கள்?

காரில் போனதாகச் சொல்லும் நேரக் கணக்கைக் குலைக்க டெல்டாவுக்கே உரிய கருவி ஒன்று உண்டு: நீடாமங்கலம் ரயில்வே கேட். மன்னார்குடி வண்டிக்காகவும் மற்றவற்றுக்காகவும் அது மூடிக் கிடக்கும் நேரத்தைத் திட்டாத டெல்டாக்காரர் கிடையாது. அந்தச் சாலையில் முக்கால் மணியில் வந்தேன் என்று ஒருவர் சொன்னால், கேட்மேனின் பதிவேட்டைப் பார்க்கத் தெரிந்த இன்ஸ்பெக்டர் உள்ளூர்க்காரர்தான்.

குற்றவாளி வி.ஏ.ஓ.விடம் சரணடைந்து ஒப்புக்கொள்ளும் காட்சி வைக்கலாமா?

வைக்கலாம், எதிர்த்தரப்பு வக்கீல் சிரிப்பதற்காக. முன்பின் தெரியாத வி.ஏ.ஓ.விடம் போய் ஒருவன் ஏன் மனம் திறக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் பலமுறை கேட்டுவிட்டன. பெரிய மனிதர் தனக்குப் பதிலாக அனுப்பும் ஆள் சரணடைகிற காட்சியாக்கினால் நன்றாக இருக்கும்.

என்கவுன்டர்?

வேண்டாம். 2014 உச்ச நீதிமன்ற வழிகாட்டுதலின்படி ஒவ்வொன்றுக்கும் தனி எஃப்.ஐ.ஆர்., வேறு நிலையமோ சி.ஐ.டி.யோ விசாரணை, மாஜிஸ்திரேட் விசாரணை எல்லாம் உண்டு. அதையெல்லாம் எழுதத் தயார் என்றால் மட்டும் துப்பாக்கியைத் தொடுங்கள். பெரிய மனிதர்கள் என்கவுன்டரில் சாவதும் வழக்கமில்லை.

கொலைக்குப் பின்னணியாகச் சிலைத் திருட்டை வைக்கலாமா?

தாராளமாக. டெல்டாவில் அதைவிடப் பொருத்தமான குற்றம் ஏது. 1976இல் திருவாரூர் மாவட்டத்துப் பத்தூரில் மண்ணுக்கடியில் கிடைத்த நடராஜர் லண்டன் வரை போய், அங்கே வழக்காடி, 1991இல் திரும்பி வந்தார். 1983இல் தமிழ்நாட்டில் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு உருவானது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் அரை நூற்றாண்டுக்கு முன் கோயில் கோயிலாக எடுத்து வைத்த புகைப்படங்கள்தான் இன்றும் பல சிலைகளை அடையாளம் காட்டுகின்றன. ஒரு குருக்களோ, இரவுக் காவலரோ கொல்லப்பட்டால் உங்கள் இன்ஸ்பெக்டர் அந்தப் புகைப்படத்தைத் தேடிப் புதுச்சேரி போகலாம். கொலை அவருடைய வழக்கு, சிலை வேறு பிரிவின் வழக்கு. இரண்டு பிரிவுகளும் ஒத்துழைக்காமல் இருப்பதை எழுதிவிட்டால் போதும், தனியாக வில்லன் தேட வேண்டாம்.

நாவல் எத்தனை நாளில் நடக்க வேண்டும்?

கைதானவரை ரிமாண்ட் செய்த நாளிலிருந்து 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் அவருக்கு ஜாமீன் கேட்கும் உரிமை வந்துவிடும். தஞ்சாவூர் தடய அறிவியல் ஆய்வகத்திலிருந்து அறிக்கை வர வேண்டும், பந்தோபஸ்து வேறு. அந்தத் தொண்ணூறு நாளை குறுவை நடவிலிருந்து அறுவடை வரை வைத்தால் தனியாகப் பரபரப்பு ஏற்ற வேண்டாம். பயிர் வளர்வதிலேயே நாள் போவது தெரியும்.

உண்மையான ஊர்ப் பெயரைப் போடலாமா?

ஆறு, ஊராட்சி ஒன்றியம், பேருந்து நிலையம், நீதிமன்றம், மருத்துவமனை எல்லாம் உண்மையாக இருக்கட்டும். கொலை நடந்த கிராமமும் காவல் நிலையமும் கற்பனையாக இருக்கட்டும். பாபநாசத்துக்கும் வலங்கைமானுக்கும் நடுவில் இன்னொரு ஊர் இருப்பதாக எழுதினால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். ஊர்ப் பெயரை நல்லூர், மங்கலம், குடி, சேரி என்று முடியுங்கள். 'பட்டி' என்று முடித்தால் மதுரைப் பக்கம் போய்விடும். பெரிய மனிதருக்குப் பெயர் வைக்கும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அந்த வட்டாரத்தில் அதே பெயரில், அதே தொழிலில், அதே கட்சியில் நிஜமாகவே ஒருவர் இருக்கிறாரா என்று நான்கு பேரிடம் விசாரித்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.